கிளுவை வேலிக்குள்

வெள்ளகோவிலில் நின்றால் மலை தெரியும் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கரூரிலிருந்து கோவைக்குப் போகிற பேருந்தின் ஜன்னல் வழியே அவர்கள் பார்த்தது வெயிலும் வேலாமரமும் விசைத்தறிக் கூடங்களும்தான். ஊருக்குத் தெற்கே, மூலனூர் ரோட்டிலிருந்து பிரிகிற இட்டேரியில் கொஞ்சம் ஏறிப் போனால் எங்கள் காடு வரும். அந்த ஏற்றத்தில் நின்று பார்த்தால் வடக்கே சென்னிமலை, வடமேற்கே சிவன்மலை, நேர் மேற்கே ஊதியூர் மலை. ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியலில் தெற்கே வெகுதூரத்தில் பழனி மலைத்தொடரும் நீலக் கோடாகத் தெரியும்.

மலைகள் கிட்டே வருவதும் தள்ளிப் போவதும் உண்டு என்று எனக்குச் சொன்னது ஆத்தா, அப்பாவைப் பெற்றவள். புரட்டாசி மாதத்தில் ஒரு நாள் ஊதியூர் மலையின் பாறைகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம் போலத் தெரிந்தால், “மலை பக்கத்துல வந்துருச்சு பாரு கண்ணு, பொழுதோட மழை இருக்குது” என்பாள். காற்றில் தூசி அடங்கும்போது தூரம் தெளிவாகும் என்பதைப் பிறகு பள்ளிக்கூடத்தில் படித்தேன். அவளுக்கு அந்தப் பாடம் தேவைப்படவில்லை. ஆட்டுக்குட்டிகளைச் சாளைக்குள் அடைக்க வேண்டுமா வேண்டாமா என்பதை மலையைப் பார்த்தே முடிவு செய்வாள்.

எங்கள் மேட்டின் தலையெழுத்தை எழுதியது எங்கள் கண்ணுக்கே தெரியாத மலைகள். மேற்குத் தொடர்ச்சி மலை நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாயாக அறுந்து கிடக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலமான வாசல் அது. வைகாசிக் கடைசியில் அந்த வாசல் வழியாக மேகாத்து கிளம்பி வரும். மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே தீர்ந்துபோயிருக்கும். இங்கே வந்து சேர்வது காற்று மட்டும். ஆவணி வரைக்கும் இராப்பகலாக அடிக்கும். காய்ந்த துணி அடுத்த காட்டு வேலியில் கிடக்கும், சோற்றில் மண் விழும், மேற்குப் பார்த்த கதவைத் திறக்கவே முடியாது. எங்கள் பக்கத்து வேலாமரங்கள் கிழக்கே சாய்ந்து வளர்ந்திருப்பதும் அதனால்தான். வருசத்துக்குச் சராசரியாக 600 மி.மீ. மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில். வடக்கே நொய்யல், தெற்கே அமராவதி, இரண்டும் கடைசியில் காவிரியில் போய்ச் சேர்கிறவை. அவற்றுக்கு நடுவில் உயர்ந்து கிடக்கிற இந்த மேட்டில் விழும் மழை நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓடிவிடும்.

ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத, ஏரிகள் பெரிதாக இல்லாத இந்த மேட்டில் ஜனங்கள் எப்படித்தான் பிழைத்தார்கள் என்று கேட்டால், புல்லால் பிழைத்தார்கள் என்பதுதான் பதில். மழையை மண்ணில் தேக்க முடியாவிட்டால் புல்லில் தேக்கிக்கொள்ளலாம் என்று கண்டுபிடித்தவர்கள் எங்கள் முன்னோர்கள். அதற்குப் பெயர் கொரங்காடு. வெள்ளகோவில், காங்கயம், தாராபுரம், மூலனூர் சுற்றுவட்டாரம் முழுக்க இந்த மேய்ச்சல் காடுகள் பரவிக் கிடக்கின்றன. இவை புறம்போக்கு அல்ல. பட்டா நிலம். மூன்று ஏக்கர், ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் உழாமல் போட்டுவிட்ட நிலம் மாதிரி இருக்கும். ரெவின்யூ அதிகாரிகள் முதல் மனை விற்கிறவர்கள் வரை பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதைச் சொல்லத்தான்.

கொரங்காட்டுக்கு மூன்று பொருள் வேண்டும். தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்ளுக் கிளுவை வேலி.

கொழுக்கட்டைப் புல்லை எனக்கு முதலில் பாவாடை விளிம்பில்தான் தெரியும். அதன் கதிர் விரல் நீளம் இருக்கும், பூனை வால் மாதிரி மயிர் சிலிர்த்திருக்கும். நடந்து போனால் உதிர்ந்து துணியில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தால், ஆத்தா அதைக் கூட்டித் தள்ள விட மாட்டாள். உள்ளங்கையில் சேர்த்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, மறுநாள் காட்டில் எங்கே புல் சோடையாக இருக்கிறதோ அங்கே தூவிவிடுவாள். இந்த விதை விழுந்த உடனே முளைக்காது. சில மாதம் கிடந்து பக்குவப்பட வேண்டும். வேர் ஆழமாகப் போகும். மேலே எல்லாம் கருகினாலும் தூர் சாகாது. காய்ந்து நின்றாலும் ஆடுமாடு விரும்பித் தின்னும். மாசி, பங்குனியில் வைக்கோல் போரே இல்லாத வீட்டுக்கு இந்த நின்று காய்ந்த புல்தான் போர்.

வெள்வேலம் நிழலுக்கு மட்டும் அல்ல. கோடையில் பச்சை என்று ஒன்றும் இல்லாத நேரத்தில் அதன் காய்கள் உதிரும். மரத்தடியில் ஆடுகள் முட்டி மோதும். அந்தக் காய் தின்கிற காலத்தில் ஆடு கொஞ்சம் சதை போடும் என்று கறிக்கடைக்காரர்களே சொல்வார்கள். மரம் நெருக்கமாக இருந்தால் புல் வளராது, அறவே இல்லாவிட்டால் மாடு வெயிலில் வாடும். எங்கே எந்தக் கன்று தானாக முளைத்திருக்கிறது, எதை விடலாம், எதைக் கழிக்கலாம் என்பதை முடிவு செய்ய ஒரு தலைமுறை கண் பழகியிருக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் விடப் பெரிது வேலிதான். முள்ளுக் கிளுவையைப் போத்து வெட்டி, கோடை மழைக்கு முன்னால் ஆழமில்லாத பள்ளம் எடுத்து, விரலும் விரலும் சேர்ந்த மாதிரி நெருக்கி நட்டுவிட்டால் அது பிழைத்துக்கொள்ளும். தண்ணீர் கேட்காது. வெயில் மாதங்களில் ஒரு இலைகூட இல்லாமல் செத்த குச்சியாக நிற்கும். ஒரு நல்ல மழை விழட்டும், சில நாளில் அத்தனை முனையிலும் பச்சை வெடிக்கும். உறுதியாக வளர்ந்த கிளுவை வேலிக்குள் ஆடுமாட்டை விட்டுக் கடவுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. ராத்திரியும் உள்ளேயே கிடக்கும். ஆள் கூலி மிச்சம், சாணி புழுக்கை எல்லாம் அந்தந்த இடத்திலேயே விழுந்து உரமாகும்.

ஆத்தாவுக்கு இதில் சட்டதிட்டங்கள் உண்டு. மாடு முதலில், செம்மறி பிறகு. மாடு உயரப் புல்லைச் சுற்றி வளைத்துத் தின்னும், செம்மறி அடியில் கொறிக்கும். ஒரு காட்டில் மேய்ந்து முடிந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றிவிட்டு முதல் காட்டுக் கடவை மூடிவிட வேண்டும், மழை பெய்து புல் பூட்டை விடும்வரை திறக்கக் கூடாது. வெள்ளாடு மட்டும் கொரங்காட்டுக்குள் வரவே கூடாது. அது முன்னங்காலைத் தூக்கி வேலியையும் இளமரத்தையும் தின்றுவிடும். சில வருசத்துக்கு ஒரு தடவை ஏர் ஓட்டி, சோளமோ கொள்ளோ விதைத்து, மண்ணைக் கிளறி விட வேண்டும். அந்தப் பயிரை எடுத்தபின் புல் புதிதாகக் கிளம்பும். “நெலத்துக்கும் மூச்சு வாங்க வுடோணும் சாமி” என்பாள். அப்பாரு, என் தாத்தா, காலமான பிறகு எங்கள் நாலு காட்டையும் அவள்தான் பார்த்தாள். ஒரு காட்டைக்கூட அவள் முழுக்க மொட்டையாக்கி நான் பார்த்ததில்லை.

வேலிக்கும் வேலிக்கும் நடுவில் போகிற இட்டேரிகள் தனி உலகம். இரண்டு பக்கமும் கிளுவை. அதன்மேல் பிரண்டை, கோவைக்கொடி, முடக்கத்தான், குண்டுமணி. வேலியடியில் கவுதாரி குஞ்சுகளோடு ஓடி மறையும். உடும்பு வெயில் காயும். கீரி குறுக்கே போகும். தரையோடு தரையாக முட்டை வைக்கிற ஆள்காட்டி, நாம் கிட்டே போனால் தலைக்கு மேலே பறந்து கத்தித் தீர்க்கும். முதல் மழைக்குச் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் மண்ணிலிருந்து கிளம்பி ஊர்ந்து போகும். தீப்பெட்டியில் புல் போட்டு வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அந்த வயதில் எனக்கு முதுமலை தெரியாது, டாப்ஸ்லிப் தெரியாது. வனம் என்று யாராவது சொன்னால் இட்டேரிதான் நினைவுக்கு வரும்.

இந்த மண்ணில் வெங்கச்சாங்கற்கள் நிறைய. உழுதால் வெள்ளை வெள்ளையாக மேலே வரும். இருட்டில் இரண்டைச் சேர்த்து உரசினால் உள்ளுக்குள்ளே ஆரஞ்சு வெளிச்சம் ஓடும், கருகின வாசம் வரும். பவர்கட் ராத்திரிகளில் எங்களுக்கு அதுதான் விளையாட்டு. எங்கள் கையிலிருந்த கல்லின் இனத்தைச் சேர்ந்த கற்களைத்தான் இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னால் நொய்யல் கரைக் கொடுமணலில் பட்டை தீட்டி மணியாக்கி அனுப்பினார்கள் என்று கல்லூரியில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் அது. 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டிப் பார்த்துப் பட்டறைகளையே வெளியே எடுத்தது. காங்கயத்துக்கு மேற்கே படியூரில் கிடைத்த பச்சைநீலக் கல்லை ஆங்கிலேயர்கள் 1819-20 வாக்கில் குத்தகைக்கு எடுத்துத் தோண்டியிருக்கிறார்கள். சேரநாட்டுத் துறைமுகத்திலிருந்து கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழி இந்த வட்டாரம் வழியாகத்தான் போயிருக்கிறது. மேகாத்து வருகிற வழியிலேயே வணிகமும் வந்திருக்கிறது.

மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. காங்கயம் காளையை ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த 2017-க்குப் பிறகு நாடே அறிந்தது. எங்களுக்கு அது கட்டுத்தாரியில் நிற்கிற பிள்ளை. கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் போல ஆகும்போது நிறம் மாறத் தொடங்கும். பசு மயிலையாகும், காளைக்குத் திமிலும் கழுத்தும் கறுக்கும். அந்த நிற மாற்றத்தைக் கவனிப்பதற்காகவே நான் தினமும் கன்றுக்குட்டி பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். காதோரம் முதலில் மாறும் என்பது என் கணக்கு. சுண்ணாம்புச் சத்து மிகுந்த இந்த மண்ணின் புல்தான் அந்த எலும்புக்குக் காரணம் என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். சென்னிமலையில் சாமிக்குத் திருமஞ்சனத் தண்ணீரைப் படி வழியாகச் சுமந்து ஏறுவதும் மாடுகள்தான். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் கோவில் தேரோடு சேர்ந்து மாட்டுச் சந்தை கூடும். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். அப்பா என்னைத் தோளில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஜோடியாகக் காட்டி, மயிலை, காரி, செவலை என்று சொல்லச் சொல்வார்.

ஊதியூர் மலைக்கு முதல் முறை ஏறியது அப்படியொரு சந்தைக்கு அடுத்த தைப்பூசத்தின்போது. காங்கயம் – தாராபுரம் சாலையில் இருக்கிறது ஊதியூர். பொன்னூதி மலை என்றும் பேர். கொங்கணச் சித்தர் இங்கே இருந்து பொன் ஊதினார் என்பது ஐதீகம். பாதி மலையில் உத்தண்ட வேலாயுதசாமி கோவில். அதற்கும் மேலே சித்தர் குகை இருக்கிற பக்கம் ஏறும்போது காடு வேறு மாதிரி ஆகிவிடும். காற்று கூடும், குரங்குகள் கூட வரும், பாறை இடுக்கில் சொட்டுகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடிக்கலாம். மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து கிழக்கே பார்த்தேன். மழை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் கட்டம் கட்டமாக நிலம். கட்டங்களின் கோடுகளெல்லாம் கிளுவை. கோடுகளுக்குள் வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கிற புல். நடுநடுவே குடை பிடித்த வேலாமரம், அதனடியில் வெள்ளைப் புள்ளியாக ஆடுகள். எந்தக் கட்டமும் நேர்க்கோடு இல்லை. பாறை இருக்கிற இடத்தில் வளைந்து, ஓடை போகிற இடத்தில் ஒதுங்கி, அண்ணன் தம்பி பாகம் பிரித்த இடத்தில் முறிந்து போகும். அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் எனக்கு ஒன்று விளங்கியது: கீழே இருக்கிறது இயற்கையாக அமைந்த புல்வெளி அல்ல. ஒவ்வொரு கோடும் யாரோ ஒருத்தர் குனிந்து நட்டது. பேர் தெரியாத ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து, யாரும் திட்டம் போடாமல், ஒரு வட்டாரத்தையே உருவாக்கியிருக்கிறார்கள்.

2023-ல் ஊதியூர் மலையடிவாரத்தில் சிறுத்தை வந்து ஆடுகளைத் தூக்கிப்போனபோது வனத்துறை கூண்டு வைத்துத் தேடியது. ஊரெல்லாம் பயந்து கிடந்தது. எங்கிருந்தோ அத்தனை தூரம் வந்த அந்த விலங்கு தங்குவதற்கு இந்தச் சின்ன மலையில் இடம் இருந்திருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது. இதை ஆடு இழந்தவர்கள் முன்னால் சொல்ல மாட்டேன்.

தண்ணீர்க் கதை வேறு. ஆனைமலையில் பெய்கிற மழையைக் கிழக்கே திருப்பிக் கொண்டுவருகிற பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் கடைமடை நாங்கள். வெள்ளகோவில் கிளைக் கால்வாய் என்று பேர் இருக்கிறது. தண்ணீர் வருவதற்கு வருசாவருசம் உண்ணாவிரதமும் மறியலும் வேண்டியிருக்கிறது. பக்கத்து உத்தமபாளையத்தில் வட்டமலைக்கரை ஓடைக்குக் குறுக்கே கட்டிய அணை இருபத்தைந்து வருசத்தை ஒட்டி வறண்டே கிடந்தது. உள்ளே சீமைக் கருவேலம் காடாகிவிட்டிருந்தது. 2021 கடைசியில் அதற்குப் பரம்பிக்குளம் – ஆழியாறு தண்ணீரைத் திறந்துவிட்டபோது வயதானவர்கள் கரையில் நின்று பூப்போட்டார்கள். வடக்கே நொய்யலில் 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையோ திருப்பூர்ச் சாயக்கழிவின் தொட்டியாகி, பாசனத்துக்குக் கட்டிய அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே கெஞ்சுகிற நிலைக்குப் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் ஒரு கட்டுப்பாடு வந்தது. இவற்றையெல்லாம் நினைக்கும்போது, யாரிடமும் ஒரு சொட்டுத் தண்ணீர் கேட்காமல் நின்ற கொரங்காட்டின் மேல் எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

அந்தக் காட்டை விட்டு வெளியேறினவர்களில் நானும் ஒருத்தி. விடிகாலையில் பனியன் கம்பெனி பஸ் இட்டேரி முனைக்கே வந்து நிற்கும். என் வயதுப் பெண்கள் செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் போனார்கள். நான் படிப்பு முடித்து ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு வேலைக்குப் போனேன். அப்பா காட்டுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டு நாலு தறி போட்டார். அந்தக் கூலியில்தான் எங்கள் கல்யாணங்கள் நடந்தன, ஓட்டுவீடு தார்சுவீடு ஆனது. தறியையோ திருப்பூரையோ குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வேலிக்கு வேலை செய்ய ஆள் இல்லாமல் போனது அப்போதுதான். கிளுவை வேலி தானாக நிற்கும் என்றாலும், வருசத்துக்கு ஒரு முறை சந்து விழுந்த இடத்தில் போத்து செருகி, சாய்ந்ததை நிமிர்த்தி, முள் போட்டு அடைக்க வேண்டும். ஒரு வருசம் விட்டால் ஆடு நுழைகிற சந்து, நாலு வருசம் விட்டால் வண்டி போகிற வழி.

இப்போது அந்தச் சந்துகளில் நாய்கள் வருகின்றன. கடந்த சில வருசமாகக் காங்கயம், வெள்ளகோவில் பக்கம் பட்டிக்குள் புகுந்து தெருநாய்கள் ஆடுகளைக் கடித்துக் குதறிப்போடுவது பெரிய துயரமாகிவிட்டது. செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு விவசாயிகள் மறியல் செய்தார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா ஒரே ராத்திரியில் பட்டி முழுவதையும் பறிகொடுத்துவிட்டு, மறுநாளே மிச்சம் இருந்த குட்டிகளையும் விற்றுவிட்டாள். கோழிக்கழிவும் கறிக்கழிவும் ரோட்டோரம் கொட்டப்படுவதால் நாய் பெருகிவிட்டது என்பது ஒரு காரணம். ஆடு அடைத்தால் வெளியிலிருந்து ஒரு முயல்கூட நுழைய முடியாது என்று இருந்த வேலிகள் சல்லடையாகிப் போனது இன்னொரு காரணம் என்பது என் அபிப்பிராயம். அதை யாரும் பேசுவதில்லை. ராத்திரி ஆள் இல்லாமல் ஆடு கிடக்கும் என்ற நம்பிக்கை உடைந்துவிட்டால் கொரங்காடு என்ற ஏற்பாடே நிற்காது.

வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கம்பியில் கோவைக்கொடி ஏறும், ஆனால் கவுதாரி கூடு கட்டாது. காற்றாலைகள் முதலில் வந்தன. அவை காலூன்றும் இடத்தையும் போகிற ரோட்டையும் எடுத்துக்கொண்டு மீதி நிலத்தை ஆட்டுக்கு விட்டன. இப்போது வருகிற சூரிய மின்தகடுகள் அப்படி இல்லை. காட்டை முழுசாகக் கேட்கின்றன. மரம், வேலி, புல் எல்லாம் போய்த் தரை மட்டமாக வேண்டும். மின்சாரம் வேண்டாம் என்று தறி ஓட்டுகிற வீட்டுக்காரி நான் சொல்ல முடியாது. ஆனால் நிலத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கொரங்காட்டைத் ‘தரிசு’ என்று எழுதுவது அநியாயம். அதில் ஒரு பயிர் நிற்கிறது. விதைத்தவர்கள் செத்துப்போய்விட்டதால் அது பயிர் இல்லை என்று ஆகிவிடாது.

எங்கள் நாலு காட்டில் இரண்டைச் சித்தப்பா விற்றுவிட்டார். அவருக்கு இருந்த கடனுக்கு வேறு வழி இல்லை. மற்ற இரண்டும் அப்பா பேரிலும் தம்பி பேரிலும் இருக்கின்றன. போன வருசம் தகடு போடுவதற்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று வருச வாடகை பேச ஒரு தரகர் வந்தார். தம்பிக்கு மனசு ஊசலாடியது. “புல்லுக் குத்தகை என்னத்துக்கு ஆகுதுங்க அக்கா, அதுல பத்துல ஒரு பங்குகூட வரல” என்றான். கணக்கில் அவன் சொன்னது சரி. நான் அவனிடம் ஆத்தாவைப் பற்றிப் பேசவில்லை. வறட்சி வருசத்தில் எங்கள் வீட்டில் தறி நின்றபோது எந்த ஆடுகளை விற்று வட்டி கட்டினோம் என்பதை மட்டும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பா எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அஞ்சு வருசம் பார்ப்போம்” என்றார்.

அந்த ஐந்து வருசத்துக்கு முதல் வேலை மேற்கு வேலி. அங்கேதான் சந்து அதிகம். கிளுவை நடத் தெரிந்தவர் பக்கத்துக் கிராமத்தில் ஒருத்தர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், கூட ஒரு ஆள் போட்டால் வந்து சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறார். தம்பி மகனைக் கூட அனுப்புகிறோம். போத்துதான் கிடைக்கவில்லை. வேலியை எடுக்கிறவர்கள் ஜேசிபி வைத்துப் புரட்டி, காய்ந்ததும் கொளுத்திவிடுகிறார்கள். கொளுத்துவதற்கு முன்னால் ஒரு போன் பண்ணுங்கள், வண்டி எடுத்துக்கொண்டு வந்து நாங்களே வெட்டிக்கொள்கிறோம் என்று மூலனூர் வரைக்கும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறோம். பங்குனிக்குள் இரண்டு வண்டிப் போத்தாவது சேர வேண்டும்.